குளத்துப் பாக்டீரியாவைக் கணக்கெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திருநெல்வேலிப் பக்கம் குளத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே நுண்ணுயிரியல், விலங்கியல், சுற்றுச்சூழல் என்று எதைப் படித்தாலும், கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்கு வகுப்பில் யாராவது ஒருவர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுகிறார். நல்ல விஷயம்தான். ஆனால் எழுதி முடித்த ரிப்போர்ட்டைப் புரட்டினால் வெப்பநிலை, பிஎச், கரைந்த ஆக்சிஜன் என்று ஒரு அட்டவணை, அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கிற சத்துக்கூழ்த் தட்டு) வளர்ந்த நாலைந்து பாக்டீரியாவின் பெயர், கடைசியில் "இக்குளத்து நீர் மாசடைந்துள்ளது" என்று ஒரு வரி. அட்டைப்படத்தில் ஊர்ப்பெயரை மாற்றினால் மானூர் குளத்துக்கும் பொருந்தும், விஜயநாராயணம் குளத்துக்கும் பொருந்தும்.

ஒரு மில்லிலிட்டர் குளத்துத் தண்ணீரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். இதில் யார் அதிகம், யார் குறைவு, ஏன் இந்தக் குளத்தில் ஒரு கூட்டம், பக்கத்துக் குளத்தில் வேறு கூட்டம் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் தங்கியது என்பதை. பெரும்பாலானவர்கள் கடைசியில்கூட இதைக் கேட்பதில்லை.

தண்ணீரின் ஜாதகத்தைப் பார்க்காமல் இருப்பது

குளத்துத் தண்ணீரில் பாக்டீரியா இரட்டிப்பாக ஒரு நாளிலிருந்து சில நாள் வரை ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து, குளம் பெருகி, ராத்திரி பகலாக மறுகால் (குளம் நிரம்பி வழிகிற தண்ணீர்) பாய்ந்துகொண்டிருக்கிறது என்றால், உள்ளே வந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் வெளியே போய்விடும். அந்த நேரத்தில் நீங்கள் மொண்டு எடுப்பது குளத்துப் பாக்டீரியாவே கிடையாது. வரத்துக்காலில் வந்த மண், வயல், ஓடை, சாக்கடை எல்லாவற்றின் பாக்டீரியாவும் கலந்த ஒரு வழிப்போக்கர் கூட்டம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நிற்கிறவர்களை எண்ணிவிட்டு, இதுதான் ஜங்ஷனில் குடியிருப்பவர்களின் கணக்கு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அதே குளம் தை, மாசியில் வரத்து நின்று, மடை வழியாகப் பிசான நெல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது, உள்ளே இருக்கிற தண்ணீர் வாரக்கணக்கில் தங்குகிறது. இப்போதுதான் வெளிச்சம், உணவு, பிஎச், வேட்டையாடுகிற நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற வேலையைச் செய்ய நேரம் கிடைக்கிறது. மண்ணிலிருந்து வந்தவை மெல்ல மெல்லக் குறைந்து, நன்னீருக்கே உரிய ஆக்டினோபாக்டீரியா, லிம்னோஹாபிட்டன்ஸ் போன்றவை மேலே வருகின்றன. அலாஸ்காவில் டூலிக் ஏரியை ஆராய்ந்தவர்கள் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டினார்கள்: ஏரியில் பெருகி நிற்கிற இனங்களில் பல, மேட்டு நிலத்து மண்ணிலும் ஓடையிலும் ஏற்கெனவே இருந்தவைதான், ஆனால் அங்கே மிக அரிதாக இருந்தன. விதை மேலிருந்து வருகிறது, தங்கின இடத்தில்தான் பெருகுகிறது.

ஆகவே பாட்டிலை முக்குவதற்கு முன்னால் குளத்தில் நீர்பாய்ச்சுகிற அண்ணாச்சியைப் பிடித்து நாலு கேள்வி கேளுங்கள். வரத்து எப்போது நின்றது, மறுகால் எப்போது கடைசியாகப் பாய்ந்தது, எத்தனை மடை திறந்திருக்கிறது, இது ஆற்றுப் பாசனக் குளமா, மானாவாரிக் குளமா. பத்து நிமிடத்தில் கிடைக்கிற இந்தத் தகவல் இல்லாமல், பிறகு ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கிற டிஎன்ஏ தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஒவ்வொரு குளத்தையும் தனித்தனி என்று எடுத்துக்கொள்வது. நம் குளங்கள் சங்கிலி. கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்தாகிறது. கன்னடியன் கால்வாயில் அடுத்தடுத்து இருக்கிற மூன்று குளத்தில் தண்ணீர் எடுத்துவிட்டு, மூன்றிலும் ஒரே மாதிரி பாக்டீரியா இருக்கிறது, ஆகவே சுற்றுச்சூழல் ஒன்றுதான் என்று எழுதுவது சரியாகாது. மேல்குளத்துத் தண்ணீர்தானே கீழ்க்குளத்துக்கு வந்திருக்கிறது, ஒரே மாதிரி இல்லாமல் எப்படி இருக்கும்? புள்ளியியல் கணக்கிலும் அவை மூன்று தனி மாதிரிகள் ஆகாது. ஒப்பிட வேண்டுமென்றால் ஆற்றுக் கால்வாயோடு தொடர்பே இல்லாத ஒரு மானாவாரிக் குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்து ஏரியை நம் குளத்தில் தேடுவது

நன்னீர் நுண்ணுயிரியல் பாடத்தில் வருகிற ஏரிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருக்கிற மென்டோட்டா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் அதிகபட்சம் 25 மீட்டர், குளிர்காலத்தில் உறைந்துபோகும், கோடையில் மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர் என்று மாதக்கணக்கில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்த ஏரியில் மேலடுக்குப் பாக்டீரியா வேறு, கீழடுக்குப் பாக்டீரியா வேறு. நம் குளம் இரண்டு ஆள் ஆழம்கூட இல்லாதது, சித்திரை வைகாசியில் வெடித்துக் கிடப்பது. இதில் போய் "மேலடுக்கு, கீழடுக்கு" என்று தலைப்புப் போட்டு எழுதினால் யாரை ஏமாற்றுகிறோம்? அப்படி மாதக்கணக்கில் அடுக்கு பிரிவதைப் பார்க்க ஆசையென்றால், 143 அடி பாபநாசம் அணையையோ 118 அடி மணிமுத்தாறு அணையையோதான் யோசிக்க வேண்டும்.

குளத்தில் முக்கியம் ஆழத்தைவிட நேரம். பச்சைப் பிடித்த குளத்தில் விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போயிருக்கும், ராத்திரி முழுக்க எல்லா உயிரும் சுவாசித்துத் தீர்த்திருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் ஆக்சிஜன் தேவைக்கு மேல் இருக்கும், ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை இழுத்துவிடுவதால் பிஎச் 9-ஐத் தாண்டுவதும் சகஜம். இப்போது ஒருவர் மேலப்பாளையம் பக்கத்துக் குளத்தில் காலை 7 மணிக்கும், பஸ் பிடித்து நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில் மத்தியானம் 1 மணிக்கும் அளந்து, இரண்டாவது குளத்தில் பிஎச் அதிகம், அதனால்தான் பாக்டீரியா வேறு மாதிரி என்று எழுதினால், அவர் அளந்தது குளத்தையா கடிகாரத்தையா?

சரி, நேரத்தைச் சரிசெய்துவிட்டீர்கள். இடம்? நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளத்துக்குக் கரை கிழக்குப் பக்கம். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று சும்மா தள்ளிக்கொண்டு அடிக்கும். கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கிடக்கிற குளத்தில் அந்த மாதம் கரைமேல் நின்று பாருங்கள்: நடுக்குளம் ஓரளவு தெளிவாகவே இருக்கும், மடைக்குப் பக்கத்தில் படிக்கல்லை ஒட்டி மட்டும் பெயின்ட் கொட்டினது போல் கெட்டிப் பச்சை. அந்தப் பச்சை மைக்ரோசிஸ்டிஸ் என்கிற பாக்டீரியா; அது உடம்புக்குள் காற்றுப் பைகள் வைத்திருக்கிறது, மிதக்கும், காற்று அதைக் கிழக்குக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கும். நீங்கள் நிற்பதும் அங்கேதான், பாட்டில் முங்குவதும் அங்கேதான். துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரும் அங்கேதான் கலக்கிறது. ஒரு கையால் எட்டுகிற தூரத்தில் எடுத்த ஒரே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு முழுக் குளத்துக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். மீன் பிடிக்கிறவர்களின் தெர்மாக்கோல் தெப்பத்தில் ஒரு சுற்று போய் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்துகொள்ளலாம், கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

தெளிந்த தண்ணீரில் பாக்டீரியா இல்லை என்று நினைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரிலும் மில்லிக்கு லட்சக்கணக்கில் இருக்கும். பாசி என்று நாம் பொதுவாகச் சொல்கிற பச்சையில் ஒரு பெரும்பங்கு சயனோபாக்டீரியா, அதாவது அதுவும் பாக்டீரியாதான். "பாசி அதிகமானதால் பாக்டீரியா குறைந்தது" என்று எழுதுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உரத்தை மறந்து சாக்கடைப் பாக்டீரியாவை மட்டும் துரத்துவது

மாநகரை ஒட்டிய குளமென்றால் உடனே கோலிஃபார்ம் டெஸ்ட். அது தேவைதான், மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று சொல்லும். ஆனால் மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியா பெரும்பாலும் குளத்தில் நீடித்து வாழ்வதில்லை, வெயிலும் வேட்டையாடும் நுண்ணுயிர்களும் அவற்றைக் குறைத்துவிடும். சாக்கடை உண்மையில் குளத்தை மாற்றுவது தன்னோடு கொண்டுவருகிற பாஸ்பரஸாலும் நைட்ரஜனாலும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973-ல் ஷிண்ட்லர் குழுவினர் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாகப் பொங்கியது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் இன்றைக்கும் வகுப்புகளில் காட்டப்படுகிறது.

நம் குளத்தில் இதில் ஒரு சிக்கல் கூடுதல். பாஸ்பரஸ் அடிச்சகதியில் இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்த ராத்திரிகளில் இரும்பு அதை விட்டுவிடும், பாஸ்பரஸ் மறுபடி தண்ணீருக்கு ஏறும். அதனால் சாக்கடைக் குழாயை அடைத்துவிட்டு அடுத்த வருஷமே குளம் தெளியவில்லையே என்று கேட்பதில் அர்த்தமில்லை. பல வருஷம் சேர்ந்த கணக்கு அது. கோடையில் கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிக்கிறார்களே, அந்த வேலை குளத்தை ஆழப்படுத்துவதோடு இந்தச் சேமிப்பையும் வெளியே கொண்டுபோகிறது.

வயலும் சாக்கடையும் மட்டும்தான் உரம் என்றும் நினைக்க வேண்டாம். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் சுற்றுவட்டாரக் குளங்களில் எல்லாம் மீனைத் தின்றுவிட்டு வந்து கூடு கட்டுகிற மரத்தடியில் எச்சமிடுகின்றன. நாலு குளத்துச் சத்து ஒரு குளத்தில் வந்து சேருகிறது. அந்த மண்ணை ஊர்க்காரர்கள் உரமாக எடுப்பது சும்மாவா? ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிற குளம் ஆயிற்றே, தண்ணீர் "சுத்தமாக" இருக்கும் என்று எதிர்பார்த்துப் போய், நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறிக் கிடக்கிறதைப் பார்த்து மாசு என்று எழுதிவிடாதீர்கள். பறவை இருக்கிற குளம் அப்படித்தான் இருக்கும், அதன் பாக்டீரியாவும் அதற்கு ஏற்றதாகவே இருக்கும்.

தின்கிறவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

என் பார்வையில் அதிகம் விட்டுப்போவது இதுதான். பிஎச், உப்பு, சத்து என்று கீழிருந்து மேலே போகிற காரணங்களை எல்லாம் அளக்கிறோம், மேலிருந்து கீழே வருகிறதை அளப்பதில்லை. சவுக்குப் போன்ற வாலை ஆட்டிக்கொண்டு திரிகிற ஒருசெல் உயிரிகள் நாள் முழுக்கப் பாக்டீரியாவைத் தின்கின்றன. நடுத்தர அளவில் இருப்பவை முதலில் போகும். மிகச் சின்னதாக இருப்பவையும், நீளமாக இழையாக வளர்பவையும் தப்பிக்கும். ஆக்டினோபாக்டீரியா நன்னீரில் இவ்வளவு நிறைந்திருப்பதற்கு அதன் பொடி உடம்பு ஒரு காரணம். அப்புறம் வைரஸ். எண்ணிக்கையில் பாக்டீரியாவைவிடச் சுமார் பத்து மடங்கு இருக்கும், எந்த இனம் ரொம்பப் பெருகுகிறதோ அதன்மேல் எளிதாகப் பரவும்.

இதில் மீன்பாசி ஏலம் (குளத்து மீன் உரிமைக்கான ஏலம்) எங்கே வருகிறது என்று கேட்கலாம். குளத்தைக் குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுகிறார். கட்லா தண்ணீரில் மிதக்கிற குட்டி விலங்குகளைத் தின்னும், அவை குறைந்தால் அவை தின்றுகொண்டிருந்த பாசி பெருகும், பாசியிலிருந்து கசிகிற சர்க்கரையை நம்பி வாழ்கிற பாக்டீரியாவும் பெருகும். மிர்கால் அடியைக் கிளறும், சகதியில் கிடந்தவை மேலே வரும். சாணம் போட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் குத்தகை விவரத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடியிருக்கிறதா என்பதற்கு இன்னொரு வரி: அமலை மூடிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, ஆக்சிஜன் ஏறாது, கரையோரத்துக் கூட்டமே வேறாகிவிடும்.

நல்ல பாக்டீரியாவைக் கொண்டுவந்து கொட்டுவது

நுண்ணுயிர் உருண்டை செய்து குளத்தில் எறிவதும், கரைசலை டிரம்மில் கொண்டுவந்து ஊற்றுவதும் நல்ல மனசோடு செய்யப்படுகிற வேலைதான். கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கிற சிறிய குளம், அதில் ஆயிரம் லிட்டர் கரைசல் என்றால் லட்சத்தில் ஒரு பங்கு. கரைசலில் குளத்தைவிட நூறு மடங்கு அடர்த்தியாகப் பாக்டீரியா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தில் ஆயிரத்தில் ஒன்று. அதுவும் வெல்லப்பாகில் சுகமாக வளர்ந்தது, சத்து குறைந்த தண்ணீரிலும் வெயிலிலும் பழக்கமில்லாதது. தின்கிறவர்களுக்கு விருந்து. பாக்டீரியா எங்கும் போய்ச் சேரும், எது நிலைக்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கும் என்ற பொருளில் டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934-லேயே சொல்லிவிட்டார். பாஸ்பரஸ் வரத்தும் தங்குகிற நாளும் மாறாதவரை பழைய கூட்டம்தான் திரும்ப வரும்.

தட்டையும் சதவீதத்தையும் நம்பிவிடுவது

அகார் தட்டில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், அந்தச் சூட்டுக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் பழகியவைதான் வளரும். எந்தக் குளத்தில் எடுத்தாலும் அதே பேசில்லஸ், அதே சூடோமோனாஸ். தண்ணீரில் இருக்கிற பாக்டீரியாவில் நூற்றில் ஒன்றுகூடத் தட்டில் வளர்வதில்லை என்பதை ஸ்டேலி, கோனோப்கா என்ற நுண்ணுயிரியலாளர்கள் இருவரும் 1985-ல் பேசினார்கள். நன்னீரில் மிகுதியாக இருக்கிற ஆக்டினோபாக்டீரியா வகையைத் தூய வளர்ப்பாக வளர்க்க ஆராய்ச்சியாளர்கள் பல காலம் திணறினார்கள். தென்கொரியக் குழு ஒன்று 2019-ல் கேட்டலேஸ் என்சைமைச் சேர்த்துக் கொடுத்துதான் வளர்த்துக் காட்டியது. தட்டு முடிவைப் போடலாம், அது தட்டில் வளர்ந்ததன் பட்டியல் என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போடுங்கள்.

டிஎன்ஏ சீக்வென்சிங்குக்கு அனுப்புகிறவர்கள் விழுகிற குழி சதவீதம். தை மாதம் மில்லிக்குப் பத்து லட்சம், அதில் ஆக்டினோ நாலு லட்சம், 40 சதவீதம். பங்குனியில் மைக்ரோசிஸ்டிஸ் புதிதாகப் பத்து லட்சம் வந்து சேர்ந்தது, ஆக்டினோ அதே நாலு லட்சம். இப்போது 20 சதவீதம். "ஆக்டினோபாக்டீரியா பாதியாகக் குறைந்தது" என்று எழுதினால் பச்சைப் பொய், ஒன்றுகூடச் சாகவில்லை. மொத்த எண்ணிக்கையையும் மைக்ரோஸ்கோப்பிலோ வேறு வழியிலோ எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கிற 16எஸ் ஜீன் ஈ.கோலையில் ஏழு நகல், பேசில்லஸில் பத்து, ஆக்டினோ வகையில் ஒன்றிரண்டு என்பதால் சதவீதமே ஏற்கெனவே சாய்ந்துதான் வருகிறது. 0.22 மைக்ரான் வடிதாளையும் தாண்டிப் போகிற பொடிசுகள் உண்டு, முன்னாலேயே பெரிய துளை வடிதாளில் வடித்தால் துகளில் ஒட்டியிருப்பவையும் மைக்ரோசிஸ்டிஸ் கட்டிகளும் வெளியே போய்விடும். எப்படி வடித்தீர்கள் என்று எழுதாவிட்டால் அடுத்தவர் ஒப்பிடவே முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் பாட்டில். அம்பாசமுத்திரத்தில் எடுத்த தண்ணீரைப் பையில் போட்டு, சேரன்மகாதேவி, பேட்டை எல்லாம் சுற்றி, லேபில் ஒரு நாள் வைத்துவிட்டு வடித்தால், பாட்டிலுக்குள்ளேயே புதுக் கூட்டம் உருவாகியிருக்கும். மீன் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டு, அன்றைக்கே வடித்து, வடிதாளை உறையவைத்துவிடுங்கள். கிருமி நீக்கிய வெறும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் குளக்கரைவரை கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்றதோடு சேர்த்தே வடித்து அனுப்புங்கள். அதில் வருகிற பெயர்கள் உங்கள் கையிலிருந்தும் டிஎன்ஏ பிரிக்கிற கிட்டிலிருந்தும் வந்தவை.

மாதிரி எடுக்கிற மாதத்தையும் தற்செயலுக்கு விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஆறும் குளமும் ஒன்றாகிக் கரைகள் உடைந்தபோது எடுத்திருந்தால் வந்திருப்பது வயல்மண்ணின் கணக்கு. காய்ந்து வெடித்த குளத்தில் முதல் தண்ணீர் விழும்போதும் அப்படித்தான், ஆட்டுக்கிடை போட்ட புழுக்கையும் சீமைக்கருவேல இலையும் ஊறி, மண்ணில் உறங்கின வித்துகள் விழித்து, சில நாளைக்கு ஒரே அமளி. குறைந்தது நிரம்பும்போது, மறுகால் நின்று சில வாரம் ஆனபின், வற்றத் தொடங்கும்போது என்று மூன்று சமயத்தில், நாளின் அதே மணிக்கு, அதே இடங்களில் எடுங்கள். ஒரு குளத்தை இப்படி எடுத்தால் போதும், ஒன்பது குளத்தில் ஒவ்வொரு பாட்டில் எடுப்பதைவிட வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்ல நிறைய விஷயம் இருக்கும்.